பைண்ட்டுக்குள் புகுந்த ‘ஆர்’

பட்டறைக்குள் காலெடுத்து வைத்ததுமே மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. பிரிண்டிங் கலரில் கலக்கும் பசையின் வாடை. திருப்பூருக்கு வந்த புதிதில் எனக்குக் குமட்டும். பிறகு பழகிவிட்டது.

நீளமான மேசைகளுக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணித் துண்டுகள் இடுப்பு உயரத்துக்கு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. டீ ஷர்ட்டின் முன்பக்கத்துக்காக வெட்டிய துண்டுகள். இனிமேல்தான் தையலுக்குப் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் நெஞ்சுப் பகுதியில் பளிச்சென்ற சிவப்பில் மூன்று ஆங்கிலச் சொற்கள். மேலே இருந்த துண்டைக் கையில் எடுத்தேன். முதல் சொல் ‘கிவ்’. சரி. அடுத்தது ‘எ’. அதுவும் சரி. மூன்றாவது ‘பிரிண்ட்’.

அது ‘பிரிண்ட்’ இல்லை. ‘பைண்ட்’. பி, ஐ, என், டி. நான்கே எழுத்து. நடுவில் ஒரு ‘ஆர்’ எங்கிருந்தோ வந்து ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

அடுத்த அடுக்கில் ஒரு துண்டை உருவினேன். அதிலும் ‘ஆர்’. கடைசி அடுக்கின் அடியிலிருந்து இழுத்துப் பார்த்தேன். அதிலும்.

“எப்படீங்க அம்மிணி? செவப்பு நல்லா எடுத்துக் குடுக்குதுங்களா?” என்று கேட்டுக்கொண்டே மல்லிகா அக்கா வந்தார். முந்தானையில் கை துடைத்தபடி, முகமெல்லாம் சிரிப்பாக. அந்தச் சிரிப்பை நான்தான் அணைக்கப் போகிறேன் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

யார் மல்லிகா அக்கா

சாத்தான்குளத்துப் பக்கமிருந்து என் அக்காவும் நானும் திருப்பூருக்கு வந்த கதையை இந்தத் தொடரில் முன்பே சொல்லியிருக்கிறேன். அக்காவுக்கு ஒரு கம்பெனியில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. நான் ஆங்கிலத்தில் பி.ஏ. முடித்திருந்ததால் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார்கள். சட்டை வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் பட்டறைக்கும் நடுவே ஓடுகிற வேலை. இங்கிலீஷில் வருவதைத் தமிழில் சொல்லி, தமிழில் வருகிற சாக்குகளை இங்கிலீஷில் எழுதி அனுப்ப வேண்டும். செல்போன் எல்லார் கையிலும் வந்துவிட்ட, ஆனால் காசுக்குப் பயந்து பேச இன்னும் யோசித்த காலம்.

எங்கள் நிறுவனத்துக்கு பிரிண்டிங் செய்துகொடுத்தவர் பழனிச்சாமி அண்ணன். ராயபுரத்தை ஒட்டிய சந்தில் பட்டறை, அதன் பின்பக்கமே வீடு. தலைமுறையாகத் தறி ஓட்டிய குடும்பம். இவர் தறியை விட்டுவிட்டு பிரிண்டிங்கில் இறங்கினார். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் முருகன் படம், வாயில் அதிகம் வார்த்தை கிடையாது. பேசுகிற வேலையை அவர் மனைவி மல்லிகா அக்கா பார்த்துக்கொண்டார்.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கிலத்தில் நல்ல மார்க்காம். “காலேஜுக்கு அனுப்புனா பல்லடத்துக்கு பஸ்ஸேறிப் போகோணும்னு எங்க ஊட்ல நிறுத்திப்போட்டாங்க” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். பட்டறைக்கு வரும் ஆர்ட்வொர்க்கை எல்லாம் எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்ப்பார். ஒருமுறை, ‘சம்மர்’ என்ற சொல்லில் பையரே ஓர் ‘எம்’மை விட்டுவிட்டு அனுப்பியிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. அக்காதான் பிடித்தார். பையர் நன்றி சொல்லி மெயில் போட்டார். எங்கள் எம்.டி. பட்டறைக்கே போய், “நீங்க இல்லீன்னா மானம் போயிருக்குமுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

அக்கா அதை மறக்கவேயில்லை. யார்தான் மறப்பார்கள்?

பிண்ட், பைண்ட்

அந்த டீ ஷர்ட்டுகள் அமெரிக்காவில் ஓர் ஊரில் நடக்கவிருந்த ரத்ததான நிகழ்ச்சிக்காக. வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சட்டை கொடுப்பார்களாம். தேதி குறித்துவிட்டார்கள். தேதி தாண்டிப் போய்ச் சேர்ந்தால் அந்தச் சட்டையால் ஒருவருக்கும் பயனில்லை.

முதலில் போட்டுக் காட்டிய சாம்பிளில் சொல் சரியாகத்தான் இருந்தது. பையரும் ஓகே சொல்லிவிட்டார். பிறகு பெரிய சைஸ்களுக்கு எழுத்தைப் பெரிதாக்கச் சொன்னார்கள். அதனால் எல்லாவற்றுக்கும், அச்சு ஸ்க்ரீனில் எழுத்தைப் பதிக்கும் ஃபிலிமைப் புதிதாக எடுக்க வேண்டியதாயிற்று. ‘ஆர்’ நுழைந்தது அங்கேதான்.

சாம்பிளில் அந்தச் சொல்லை ஏதோ பேர் என்று மல்லிகா அக்கா விட்டுவிட்டாராம். புது ஃபிலிம் வந்த அன்று வழக்கம்போல வாசித்திருக்கிறார். பக்கத்தில் மனோஜ் நின்றிருக்கிறான். பீகாரிலிருந்து வந்து மேசையில் பிரிண்ட் இழுக்கிறவன். அக்கா அந்தச் சொல்லை ‘பிண்ட்’ என்று வாய்விட்டுப் படித்ததும் மனோஜ் திடுக்கிட்டிருக்கிறான்.

“பிண்ட்? அர்ரே பாபி, பிண்ட் தோ மர்னேவாலோங்கோ தேதே ஹைன்.”

அவன் ஊரில் செத்தவர்களுக்கு வைக்கும் பிண்டத்துக்கு அதுதான் பெயர். அதை அரைத்தமிழில் விளக்கியும் சொல்லியிருக்கிறான். அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆயுசோடு இருக்கிறவன் நெஞ்சில் பிண்டம் கொடு என்று எழுதி மாட்டுவார்களா? கண்டிப்பாக எழுத்து விட்டுப் போயிருக்கிறது. எந்த எழுத்து? பிரிண்டிங் பட்டறையில் ஒரு நாளைக்கு நூறு தடவை புழங்குகிற சொல்தான் கண்ணில் பட்டது. ஃபிலிம் எடுக்கும் கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூப்பிட்டு ‘ஆர்’ போடச் சொல்லிவிட்டார். என்னைக் கேட்டுக்கொள்ளலாம் என்று என் நம்பருக்கு அடித்தும் பார்த்திருக்கிறார். நான் அன்று சோமனூர்ப் பக்கம் போயிருந்தேன். சிக்னல் இல்லை.

குவார்ட்டரும் கட்டிங்கும்

மல்லிகா அக்காவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராததற்கு ஒரு காரணம் உண்டு. திரவங்களை அளக்கும் இங்கிலீஷ் சொற்கள் நம்மிடம் வந்தவிதமே அப்படித்தான்.

திருப்பூரில் ‘குவார்ட்டர்’ என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது ஒரு பாட்டில். எதில் கால் பங்கு என்று யாரும் யோசிப்பதில்லை. முழு பாட்டிலின் கால் பங்குதான் அது. அந்தக் குவார்ட்டரை இரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு ‘கட்டிங்’. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், “கட்டிங் மாஸ்டர் எங்கே?” என்று நான் கேட்டதற்கு, “கட்டிங் போடப் போயிட்டாரு” என்று ஒருவர் சொன்னார். துணி வெட்டத்தான் போயிருக்கிறார் என்று நம்பி, அறையறையாகத் தேடினேன். அறைக்கு வந்து என் அக்காவிடம் சொன்னபோது, “ஏட்டி, நீ பி.ஏ. படிச்ச லட்சணம் இதுதானா?” என்று உருண்டு உருண்டு சிரித்தாள்.

‘கேலன்’ என்றால் சாயப் பட்டறையில் நீல நிற பிளாஸ்டிக் கேன். அதில் எத்தனை லிட்டர் பிடித்தாலும் பெயர் கேலன்தான். எங்கள் ஊரில் பாலுக்கு உழக்கு, அரிசிக்குப் படி. அந்த உழக்கும் ஊருக்கு ஊர் மாறும். என் அம்மா நாசரேத்தில் வாங்கிய உழக்கில் எங்கள் ஊர்ப் பால்காரர் ஊற்றமாட்டார்.

ஆனால் ‘பைண்ட்’ மட்டும் இங்கே வந்து சேரவில்லை. கடையில் விற்கவில்லை, கேனில் எழுதவில்லை. கல்லூரியில் நாங்கள் படித்த ஒரு கதையில் வாசலில் ஒரு பைண்ட் பால் வைத்துவிட்டுப் போவார்கள். அதைத் தவிர எனக்கே அந்தச் சொல்லோடு வேறு உறவு கிடையாது. ‘பிண்ட்’ என்று எழுதி ‘பைண்ட்’ என்று சொல்கிற சொல்லை, கேட்டறியாத ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

சொன்ன பிறகு

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. அக்காவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது மட்டும் ஞாபகமிருக்கிறது. என் கையிலிருந்த துண்டை வாங்கி, ‘ஆர்’ மேல் விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். சூடுபடுத்திக் கெட்டியான பிரிண்ட். அது எங்கே போகும்?

“அத்தனையுமா அம்மிணி?”

“ஆமாக்கா.”

பழனிச்சாமி அண்ணன் மேசையின் மறுகோடியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அக்கா அவரிடம் போனார். “ஒரு வார்த்த வைது போடுங்களேன். இப்படி உக்காந்திருந்தா எனக்கு என்னமோ பண்ணுதுங்க.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார். அக்கா வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

எம்.டி. அப்படி இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த பேனாவை மேசையில் வீசினார். மறுபடி நூல் வாங்கி, துணி ஓட்டி, வெளுத்து, வெட்டி, பிரிண்ட் போட நாளில்லை. “இனி அந்தப் பட்டறைக்கு ஒத்தப் பீசு போகக்கூடாது. சொல்லிப்போடுங்க” என்றார். பழனிச்சாமி அண்ணனுக்கு வந்த வேலையில் முக்கால்வாசி எங்களுடையது. அது நின்றால் பட்டறையும் நின்றுவிடும். மேசையில் வேலை பார்த்த எல்லாரும் வேறு இடம் தேட வேண்டும். எம்.டி.க்கும் அது தெரியும். வீசிய பேனாவை எடுத்து வைத்துவிட்டு, “நாளைக்கு சாயங்காலம் வரைக்கும் பாருங்க. ஏதாச்சும் வழி இருந்தா சொல்லுங்க. பையருகிட்ட எதையும் ஒளிக்க வேண்டாம். ஒளிச்சா இன்ஸ்பெக்சன்ல மாட்டிக்குவோம்” என்றார்.

வழி என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அறைக்கு வந்ததும் முதல் காரியமாகக் கல்லூரிக் கால அகராதியைப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தேன். தடிப் புத்தகம். அது சொல்லின் பிறப்பையும் சொல்லும். கடன்காரனின் முகத்தைச் சரியாக ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றுமே, அந்த மாதிரி.

அகராதி சொன்னது

மறுநாள் காலையில் அகராதியோடு பட்டறைக்குப் போனேன். மேசைகள் சும்மா கிடந்தன. மனோஜும் மற்றவர்களும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்க வீட்டில் அடுப்பு மூட்டியிருக்கவில்லை. மல்லிகா அக்கா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் கவியா, இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள், யூனிபார்ம் போட்டுக்கொண்டு ரிப்பனைக் கையில் வைத்தபடி அம்மா தலைபின்னி விடுவதற்காகக் காத்து நின்றாள்.

நான் ரிப்பனை வாங்கிப் பின்னிவிட்டேன். அவள் பள்ளிக்கூட வேனில் ஏறிப் போனதும் அக்கா வாயைத் திறந்தார்.

“அந்த எழவெடுத்த வார்த்தைக்கு அர்த்தம்தான் என்னங்க அம்மிணி?”

அகராதியைப் பிரித்துக் காட்டினேன். பைண்ட் என்பது ஓர் அளவு. கேலனில் எட்டில் ஒரு பங்கு. இங்கிலாந்தில் அரை லிட்டருக்குச் சற்றுக் கூடுதல். அமெரிக்காவில் அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு.

“ஒரே பேர்ல ரெண்டு அளவா?”

“ஆமாக்கா. கேலனே ரெண்டு ஊர்லயும் வேற வேற.”

“நம்மூரு கேலனாட்டவே” என்றார். நேற்றிலிருந்து முதல்முறையாக உதட்டில் ஏதோ அசைந்தது.

சொல்லின் பிறப்பையும் படித்தேன். பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அதற்கும் முன்னால் லத்தீன். வர்ணம் தீட்டியது என்ற பொருளுள்ள ஒரு சொல்லிலிருந்து பிறந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். அந்தக் காலத்தில் பாத்திரத்தின் பக்கத்தில் வர்ணத்தால் ஒரு கோடு போட்டு வைத்திருப்பார்கள் போல. அந்தக் கோடு வரைக்கும் ஊற்றினால் ஒரு பைண்ட். கோட்டுக்குப் பெயர் வந்து, பிறகு அதுவே அளவுக்குப் பெயராகிவிட்டது. நிச்சயமாக அப்படித்தான் என்று அகராதி சத்தியம் செய்யவில்லை. இருக்கலாம் என்றுதான் சொன்னது.

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். “பெயிண்ட்டா? அப்ப பெயிண்ட்டும் இதும் ஒரு வயித்துப் புள்ளைங்களா?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

“நானு பிரிண்ட்டுன்னு போட்டேன். பக்கத்து ஊட்டுக்குத்தான் போயிருக்கிறேன், அம்மிணி.” சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் கொட்டியது. நான் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கொஞ்சம் தணிந்ததும் கேட்டார். “அளவு செரி. எதைக் குடுக்கச் சொல்றாங்க? பாலா?”

அப்போதுதான் உறைத்தது. இந்த ஆர்டர் எதற்காக என்று பட்டறையில் யாருக்கும் தெரியாது. ஆர்ட்வொர்க் வந்தது, கலர் நம்பர் வந்தது, அவ்வளவுதான். யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

“ரத்தம்க்கா. நம்ம ஊர்ல ஒரு பாட்டில் ரத்தம்னு சொல்றோம்ல, அதை அமெரிக்காவுல ஒரு பைண்ட்னு சொல்வாங்க. ரத்தம் கொடுங்கன்னு கேக்குற சட்டை அது.”

சொட்டு

மல்லிகா அக்கா அகராதியை மூடி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள்.

“கவியா பொறக்கறப்ப எனக்கு ரெண்டு பாட்டில் ஏத்துனாங்கம்மிணி” என்றார்.

அந்தக் கதையை அன்றுதான் கேட்டேன். பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. திருப்பூரிலிருந்து கோயமுத்தூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். வேனில் போகும்போது, கால்மாட்டில் பழனிச்சாமி அண்ணன் உட்கார்ந்து முருகா முருகா என்று முணுமுணுத்தது காதில் விழுந்ததாம். பிறகு ஒன்றும் விழவில்லையாம். கண் விழித்தபோது தலைக்கு மேல் பை தொங்கியது.

“அவருக்கு என் குரூப் இல்லீங்க. எங்க சொந்தத்துல வந்தவீங்க ஒருத்தருக்கும் சேரலை. ஆஸ்பத்திரியில ஆரோ குடுத்து வெச்சிருந்தது. ஆணா பொண்ணா, எந்த ஊரு, ஒண்ணும் தெரியாது. அந்தக் குழாய்ல சொட்டுச் சொட்டா எறங்கறதப் பாத்துக்கிட்டே படுத்திருந்தனுங்க. ஒவ்வொரு சொட்டும் விழறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் தொங்கிக்கிட்டே நிக்கும். உழுந்துருமா, நின்னு போயிருமான்னு பயமா இருக்கும். அப்பறம் உழுகும்.”

சொல்லிக்கொண்டே விரலால் தரையில் வரைந்தார். மேலே கூர், கீழே உருண்டை.

இரண்டு பேரும் அந்த விரலைப் பார்த்தோம். யாருக்கு முதலில் தோன்றியது என்று பிறகு பலமுறை பேசியிருக்கிறோம். தனக்கில்லை என்பார் அக்கா. எனக்கில்லை என்பேன் நான். ஒரே நேரத்தில் எழுந்து பட்டறைக்கு ஓடினோம் என்பது மட்டும் இருவருக்கும் ஞாபகமிருக்கிறது.

அக்கா ஒரு துண்டை மேசையில் விரித்து, தூரிகையில் அதே சிவப்பைத் தொட்டு, ‘ஆர்’ இருந்த இடத்தின் மேல் ஒரு சொட்டு வரைந்தார். கூர் முனை எழுத்துகளுக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்த்தது. உருண்டை ‘ஆர்’ரை முழுசாக விழுங்கிவிட்டது. ‘பி’க்கும் ‘ஐ’க்கும் நடுவே ஒரு ரத்தச் சொட்டு. வேண்டுமென்றே அப்படி வரைந்த மாதிரி இருந்தது.

பழனிச்சாமி அண்ணன் வந்து பார்த்தார். துண்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். ‘ஆர்’ரின் நிழல்கூடத் தெரியவில்லை.

“ஸ்க்ரீன் போட்டுரலாமுங்க” என்றார். அவர் வாயிலிருந்து நேற்று முதல் வந்த முதல் வார்த்தை.

வெயில்

போட்டோ எடுத்து பையருக்கு அனுப்பினேன். நடந்த தப்பை நடந்தபடி எழுதினேன். இப்படிச் சரி செய்யலாமா என்று கேட்டேன். அங்கே விடிந்து, யாராவது பார்த்து, பதில் வரவேண்டும். எம்.டி. மறுநாள் காலைவரை பொறுத்துக்கொண்டார். நான் அலுவலகத்துக்குள் நுழையும்போது அவர் என் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார்.

பதில் நாலு வரி. சொட்டு தங்களுக்குப் பிடித்திருக்கிறது. எல்லா சைஸிலும் அப்படியே வரட்டும். ஷிப்மெண்ட் தேதி மட்டும் மாறக்கூடாது.

எம்.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பழனிச்சாமிக்கு நானே போன் பண்றேன்” என்றார்.

ஆனால் வேலை லேசில்லை. புதிதாக பிரிண்ட் போடுவதென்றால் கை வேகமாக ஓடும். இதுவோ ஏற்கெனவே போட்ட எழுத்தின் மேல் நூல் பிசகாமல் ஸ்க்ரீனை உட்கார்த்த வேண்டும். கொஞ்சம் நகர்ந்தால் ‘ஆர்’ரின் கால் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மனோஜ் ஒவ்வொரு துண்டையும் மேசையில் ஒட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வான். அக்கா குனிந்து பார்த்து, “ம்” என்பார். அண்ணன் கலரைத் தள்ளும் ரப்பர் கட்டையை இழுப்பார்.

கரண்ட் வேறு நினைத்த நேரத்தில் போனது. பிரிண்ட்டைச் சூட்டில் கெட்டியாக்கும் ஹீட்டர் ஓடவில்லை. மொட்டை மாடியில் கயிறு கட்டினோம். என் அக்கா லீவு போட்டுவிட்டு வந்தாள். எங்கள் லைன் வீடுகளிலிருந்து இரண்டு பெண்களையும் கூட்டி வந்தாள். வெள்ளைத் துணிகளைக் கயிற்றில் போட்டுக் காயவைத்து, கரண்ட் வந்ததும் இறக்கி ஹீட்டரில் விட்டோம். வெயிலில் அந்தச் சிவப்புச் சொட்டுகள் கண்ணைக் கூசவைத்தன. பக்கத்து மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த அம்மாள், “ஏனுங்க, என்ன கட்சிங்க அது?” என்று கேட்டார்.

மனோஜ்தான் பதில் சொன்னான். “கட்சி இல்லே அம்மா. கூன்னா ரத்தம். ரத்தம் குடுக்கணும்.” அதற்குள் அவன் எல்லாருக்கும் விளக்கம் சொல்கிறவனாகிவிட்டான். பிண்டம் என்று கிளப்பிவிட்டவன் அவன்தான் என்று யாரும் அவனைச் சீண்டாமலுமில்லை.

தையல் முடிந்து, சரக்கு உரிய தேதியில் தூத்துக்குடிக்கு லாரி ஏறியது. கொஞ்சம் துண்டுகள் சரியாக அமையாமல் கழிந்தன. அவை கழித்த சரக்கு விற்கும் காதர்பேட்டைக்குப் போயின. பட்டறை நிற்கவில்லை.

மண்டபத்தில்

கதை இத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மல்லிகா அக்கா முடிக்கவில்லை.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கல்யாண மண்டபத்தில் ரத்ததான முகாம் என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அக்கா எனக்குப் போன் செய்தார். “துணைக்கு வாங்கம்மிணி. வாங்குனதத் திருப்பிக் குடுக்கோணும்.”

போனோம். பழனிச்சாமி அண்ணனும் வந்தார். விரல் நுனியில் குத்தி ஒரு துளி எடுத்துப் பார்த்த பெண், அக்காவிடம் தலையை ஆட்டிவிட்டார்.

“உங்களுக்கே ரத்தம் பத்தலக்கா. இப்ப எடுக்க முடியாது. நல்லாச் சாப்பிட்டுட்டு அப்புறமா வாங்க.”

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. திரும்பிப் புருஷனைப் பார்த்தார். அவ்வளவுதான்.

பழனிச்சாமி அண்ணன் தைப்பூசத்துக்குக் கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு பழனிக்கு நடக்கிறவர். அந்த மனிதர் நர்ஸ் கையிலிருந்த ஊசியைப் பார்த்ததும் வியர்த்துவிட்டார். “அது வேறீங்க, இது வேறீங்க” என்றார். ஆனாலும் படுத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, உதடு அசைய அசைய, ஒரு பை நிறையும் வரைக்கும் படுத்திருந்தார். எழுந்தபோது கிறுகிறுவென்று வந்துவிட்டது. மறுபடி படுக்கவைத்து, ஜூஸ் கொடுத்து, வெகுநேரம் கழித்துத்தான் விட்டார்கள். திரும்பிப் போகும்போது வண்டியை அக்கா ஓட்டினார். அண்ணன் பின்னால் உட்கார்ந்து, சீட்டை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அக்கா வீட்டில் தினமும் முருங்கைக்கீரைதான். பேரீச்சம்பழம், கேழ்வரகுக் களி, ஈரல். எதிர்த்த வீட்டு முருங்கை மரம் மொட்டையாகிவிட்டது என்று அண்ணன் சொல்லிச் சிரித்தார். இரண்டாவது முகாமிலும் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த முறை எடுத்துக்கொண்டார்கள்.

கட்டிலில் படுத்தபடி, பை மெல்ல நிறைவதைத் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “எவ்வளவு எடுப்பீங்க கண்ணு?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

“முந்நூத்தம்பது மில்லிக்கா.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “ஒரு பைண்ட்டு இல்லீங்களா?”

“குறையும்க்கா.”

“இன்னுங் கொஞ்சம் எடுத்துக்கச் சொல்லுங்களேன்.”

“அவங்க அளவு அதுதான். அதுக்கு மேல எடுக்க மாட்டாங்க.”

அக்காவுக்கு அதில் திருப்தியில்லை. பிறகு அந்தப் பெண்ணிடம், “இது ஆருக்குப் போகுமுங்க?” என்றார்.

“தெரியாதுக்கா. யாருக்கு வேணுமோ அவங்களுக்கு.”

“செரி” என்றார் அக்கா. “செரி கண்ணு.”

ஊசியை உருவி, முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து, மடக்கி அழுத்திக்கொள்ளச் சொன்னார்கள். வெளியே வந்தோம். மண்டபத்து வாசலில் வேப்பமர நிழலில் பழனிச்சாமி அண்ணனும் கவியாவும் காத்திருந்தார்கள். கவியா ஓடிவந்து அம்மாவின் கையைப் பார்த்தாள்.

“வலிச்சுதாம்மா?”

“எறும்பு கடிச்சாப்ல கண்ணு.”

அக்கா அவளுக்குக் காட்டுவதற்காகக் கையை நீட்டினார். பஞ்சு கீழே விழப் பார்த்தது. கவியா சட்டென்று தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “போதும், விட்டுரு” என்று அக்கா சொன்னார். அவள் விடவில்லை. வண்டி நிற்கும் இடம் வரைக்கும், அம்மாவின் கையோடு கையாக, விரலை எடுக்காமல் பக்கவாட்டிலேயே நடந்து போனாள்.